கோச்சிப் படியில் ஏறியவள்

போன வாரம் என் பேத்தி தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போல முதுகை நிமிர்த்தி, மோவாயைக் கொஞ்சம் இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு மூச்சு முட்டியது.

"அப்பா, ஏன் இப்படி மரமா நிக்கிறீங்க? இது வீடியோ. பேசுங்க, நடங்க, என்னமாச்சும் செய்ங்க" என்றாள்.

எங்கள் வீடுகளில் தாத்தாவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். தகப்பன் வாப்பா. தாத்தா என்றால் அக்கா. வெளியூர் நண்பர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாட்டை இன்னொரு நாள் நேரில் சொல்கிறேன். விஷயம் அதுவல்ல. நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது, எதற்கு நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வயதில் பாதியை மற்றவர்களிடம் "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லியே கழித்தவன் நான். அந்தச் சொல் கடைசியில் என் உடம்பிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது.

பதுளை பஜாரில் எங்களுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. ரோட்டைவிடக் கொஞ்சம் உயரமான கடை. சிமெந்துப் படி ஏறித்தான் உள்ளே வரவேண்டும். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் கல்யாணப் படங்கள், நடுவில் ஏரியும் அன்னமும் வரைந்த திரை, பின்னால் இருட்டறை. வாப்பா முதலில் புடவைக்கடைதான் வைத்திருந்தார். அறுபதுகளின் நடுவில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து பேசி, தேயிலைத் தோட்டத்துச் சனங்களில் இவ்வளவு பேர் இந்தியாவுக்கு, இவ்வளவு பேர் இங்கே என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள் அல்லவா? அதன்பிறகு ஊவா மாகாணத்தில் உள்ள ஒவ்வொரு லயத்துக்கும், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய அந்தத் தோட்டத்து வீடுகளுக்கு, போட்டோ தேவைப்பட்டது. போவதற்கு மனுப் போட்டாலும் போட்டோ, இருப்பதற்கு மனுப் போட்டாலும் போட்டோ. வாப்பா புடவைச் சுருள்களை மடித்து வைத்துவிட்டுக் கமெரா வாங்கினார். எங்கள் சொந்தத்தில் சிலர் உருவம் எடுப்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று முகம் சுளித்தார்கள். "பாஸ்போட்டுக்கு எடுக்கிறது உருவம் இல்ல, கடதாசி" என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்றுவரை தெளிவாகாத விஷயம். எப்படியோ எழுபதுகள் தொடங்கும்போது நான் கமெராவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தேன். என்னோடு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பும் ஒரு கறுப்புக் கோட்டும் வரும். விரிப்பு லயத்துச் சுவரில் தொங்கும். கோட்டு ஆண்களின் தோளில் ஏறும். ஒருவர் கழற்ற, அடுத்தவர் போட, அவர் கழற்ற, அவருக்கு அடுத்தவர் போட, தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் ஒரே கோட்டில் படமானார்கள். அதில் தேங்காயெண்ணெய், பீடி, வியர்வை, பூச்சி உருண்டை எல்லாம் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இந்தியாவில் எந்தெந்த ஊர் அலுவலகங்களிலோ எங்கள் கோட்டின் படம் அடுக்கடுக்காக இருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எங்களுடைய லென்சு மட்டமானது. லயத்து வாசலில் வெளிச்சமும் போதாது. ஆகவே கமெராவின் கண்ணைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்கவேண்டும். அதற்குள் யாராவது அசைந்தால் முகம் கலங்கிவிடும். முகம் கலங்கினால் மனு திரும்பி வரும். திரும்பி வந்தால் அந்தக் குடும்பத்தின் முறை பின்னுக்குப் போகும். இதைச் சனங்கள் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். நான் லயத்துக் கோடியில் தெரிந்தால் போதும், குடும்பம் குடும்பமாக உயர வரிசைப்படி நின்று கைகளைத் தொடையோடு ஒட்டிவிடுவார்கள். கைப்பிள்ளைகள்கூட என்னைக் கண்டால் அழுகையை நிறுத்தின. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மீசை அரும்பிய வயதில் ஒரு தோட்டத்தையே மூச்சு விடாமல் நிறுத்தும் அதிகாரம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

இருட்டறை என்றதும் மூக்கில் புளித்த வாடை ஏறுகிறது. படம் கழுவும் மருந்தின் வாடை அது. வீட்டில் அச்சாறு போட வினாகிரி போத்தலைத் திறந்தால் இன்றைக்கும் எனக்கு ஊறுகாய் நினைவு வராது, ரீட்டா மிஸ்ஸின் நினைவுதான் வரும்.

ஒரு மழைநாள் மத்தியானம் அவர் எங்கள் கடைக்குள் வந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி, ஆண்கள் பிடிக்கும் பெரிய குடை, சேலைத் தலைப்புக்குள் பிள்ளையைப் பொத்தியது போல ஏதோ ஒன்று. விரித்தால் அது சினிமாக் கமெரா. உள்ளே பிலிம் சிக்கிக்கொண்டதாம். வெளிச்சம் படாமல் திறக்க ஓர் இருட்டறை வேண்டுமாம். "உங்க இருட்டைக் கொஞ்ச நேரம் தாங்க" என்றுதான் கேட்டார். வாப்பா என்னைப் பார்த்தார். நான் கமெராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் சினிமாவைக் கண்டிருக்கிறேனே தவிர அது எதற்குள்ளிருந்து வருகிறது என்று கண்டதில்லை.

ரீட்டா மிஸ் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். கன்னியாஸ்திரிகளிடம் படித்து, கொழும்பில் படங்களை வெட்டி ஒட்டும் ஓர் அறையில் வேலை பார்த்திருக்கிறார். மற்றவர்கள் எடுத்த காதலையும் சண்டையையும் ஒட்டி ஒட்டி அலுத்துப்போய், நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் கத்தோலிக்கச் சுவாமியார் விட்டுச்சென்ற கமெராவோடு பதுளைக்கு வந்துவிட்டார். காலையில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பார். மீதி நேரமெல்லாம் பஸ் ஏறித் தோட்டங்களுக்குப் போய்விடுவார். முதலாளி கிடையாது, கம்பனி கிடையாது, கதாநாயகன் கிடையாது. அவரே எடுப்பார், அவரே வெட்டுவார், அவரே புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவார். தூக்குவதில் மட்டும் பிறகு நான் சேர்ந்துகொண்டேன்.

அந்தக் கமெராவுக்குச் சாவி கொடுக்கவேண்டும், பழைய சுவர்க்கடிகாரத்துக்குக் கொடுப்பதைப் போல. ஒரு சாவிக்கு ஒருவர் வாசலிலிருந்து தண்ணீர் கொட்டும் பீலி வரை நடக்கும் நேரம்தான் ஓடும். பிறகு மறுபடி முறுக்கவேண்டும். அதனால் மிஸ் எதையும் அவசரப்பட்டு எடுக்கமாட்டார். முதலில் கேள்வி கேட்பார். "ஏன் இந்தப் பக்கத்தால போறீங்க? ஏன் குடத்த இந்தக் கையில வைக்கிறீங்க? ஏன் அந்தக் காம்பராவுல யாரும் இல்ல?" கேட்டுக் கேட்டு, எதிராளி சலித்துப்போய்த் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும்போது மெல்லச் சாவியை விடுவிப்பார். நான் அவருக்கு மனசுக்குள் 'ஏன் மிஸ்' என்று பெயர் வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் அந்த நோய் எனக்கும் தொற்றியது. வீட்டில் உம்மாவிடம் "ஏன் வெங்காயத்த இப்படி வெட்டுறீங்க?" என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அவருடைய முதல் படம் தண்ணீரைப் பற்றியது. பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். பல லயங்களுக்கு ஒரே பீலி. விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விடுவார்கள், குடங்கள் மட்டும் தம் முறைக்குக் காத்திருக்கும். மிஸ் அந்தக் குடங்களைத்தான் எடுத்தார். படம் தயாரானதும் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் காட்டினோம். வெளிச்சத்தை மறைக்கத் திரை இல்லை. பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கும் கம்பளிகளைக் கழற்றி ஜன்னல்களில் மாட்டினார்கள். ஈரக் கம்பளி வாடையோடு பார்த்தால்தான் எனக்கு இன்றும் ஒரு படம் படமாகத் தோன்றும். எந்த ஏ.சி. தியேட்டரிலும் ஏதோ குறைகிறது.

குடங்கள் திரையில் வந்ததும் மண்டபமே சிரித்தது. "அது எங்குடம்டி, விளிம்புல நசுங்கினது" என்று ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். அவள்தான் பாக்கியம். நான் சொல்லப்போகிற கதையின் சொந்தக்காரி.

படத்தால் ஏதாவது நடந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது. செய்தி தோட்டத்தை நடத்தும் தொரையின் காதுக்குப் போய், அடுத்த கிழமையே பீலிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இன்னொரு பீலி வரவில்லை. மிஸ் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு போய் வெள்ளையடித்த பீலியையும் எடுத்து அதே படத்தின் கடைசியில் ஒட்டிவிட்டார்.

பாக்கியம் அப்போது நாற்பதைக் கடந்தவள். புருஷன் இறந்துவிட்டான். சாவதற்கு முன் இங்கேயே இருப்பதற்கு மனுப் போட்டு வைத்திருந்தான். அது அவளுக்குக் கிடைத்தது. ஒரே மகள் சரோஜாவைக் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகன் முனியாண்டி வீட்டார் இந்தியாவுக்கு மனுப் போட்டவர்கள். கல்யாணத்தோடு மகளின் பெயரும் அந்தக் கடதாசிக்குப் போய்விட்டது. இப்படித் தாய் இங்கே, பிள்ளை அங்கே என்று பிரிந்த வீடுகள் அந்த நாட்களில் லயத்துக்கு லயம் இருந்தன. மிஸ்ஸுக்கு அடுத்த படம் அதுதான் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. யாரிடம் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

பாக்கியமே வந்தாள். சம்பளச் சனிக்கிழமை பஜாருக்கு வந்தவள் கடைப் படியேறி, முந்தானையில் முடிந்திருந்த ஒரு போட்டோவை அவிழ்த்து மேசையில் வைத்தாள். நான் எடுத்ததுதான். கோட்டுப் போட்ட முனியாண்டி, பக்கத்தில் சரோஜா.

"இதுல அவ யாரோ மாதிரி நிக்கிறா மிஸ்ஸு" என்றாள். "எம்மக இப்பிடி நிக்கவே மாட்டா. தலைய ஒரு பக்கம் சாச்சுக்கிட்டு வெடுக்கு வெடுக்குன்னு நடப்பா. கொடத்த புடிச்ச மாதிரி அவ நடக்கிறதயும் புடிச்சு வச்சிருங்க. அவ போனதுக்கப்புறம் நா பாத்துக்கிருவேன்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புடிச்சுத் தாறேன்" என்றார். அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

ஆக, மிஸ்ஸும் நானும் கொஸ்லந்தைக்குப் பஸ் ஏறினோம். ஆட்களுக்கு என்னைத் தெரியும், பயப்படமாட்டார்கள் என்பதால் என்னை அழைத்துப்போனார். அந்த யோசனையில் எவ்வளவு கோளாறு இருந்தது என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. சரோஜாவின் லயத்து வாசலில் மிஸ் கமெராவை அதன் முக்காலியில் பொருத்தினார். சரோஜா அரிசி புடைத்தாள், தண்ணீர் எடுத்தாள், கோழியை விரட்டினாள். மிஸ் கமெராவைத் திருப்பித் திருப்பி எடுத்தார். அந்தப் பழைய கமெராவில் பார்க்கும் துளை மங்கல், உள்ளே என்ன விழுகிறது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. எல்லாம் நன்றாக வந்ததாகத்தான் நான் நினைத்தேன். நான் குடையை விரித்து லென்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு சனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன்.

பிலிம் சுருள் கொழும்புக்குப் போய்க் கழுவப்பட்டு வந்தது. கடைக்குள் அன்னத்திரையைச் சுருட்டிவிட்டு வெள்ளைச் சுவரில் ஓட்டினோம். சரோஜா நிற்கிறாள். கைகள் தொடையோடு ஒட்டியிருக்கின்றன. அடுத்த துண்டிலும் நிற்கிறாள். பக்கத்தில் மாமியார் நிற்கிறாள். முனியாண்டி எங்கிருந்தோ ஓடிவந்து உயர வரிசையில் தன் இடத்தில் நின்றுவிட்டான். யாருக்கும் கண்கூட இமைக்கவில்லை. இடமிருந்து வலமாக ஒரு கோழி மட்டும் நிதானமாக நடந்துபோனது.

வாப்பா, "மிஷின் நின்டு போச்சா?" என்று கேட்டார். கோழி நடப்பதை நான் காட்டினேன்.

மிஸ்ஸுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் அந்தச் சுருளை மறுபடி போட்டு, சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, மூக்கு உரசுகிற மாதிரிப் பார்த்தார். "அரிசி புடைச்சுக்கிட்டுத்தானே இருந்தா? சாவிய விட்ட உடனே ஏன் நிக்கிறா?" அவருக்கு அது ஒரு நட்டமாகவே தெரியவில்லை, புதிராகத்தான் தெரிந்தது. எனக்கோ நட்டமாகத்தான் தெரிந்தது. இந்தியாவுக்குப் போகும் கடதாசி எந்தக் கிழமையும் வரலாம். வந்துவிட்டால் பாக்கியத்திடம் சுவரில் எதைக் காட்டுவது, கோழியையா?

இரண்டாம் தடவை போனபோது மிஸ் எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினார். இது வேற கமெரா, இதில் நன்றாக ஆடி அசையலாம், அசைந்தால்தான் நல்லது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சாவியை விட்டதும் சரோஜா ஒரு கையைத் தூக்கினாள், இறக்கினாள், மறு கையைத் தூக்கினாள். மாமியாரும் தூக்கினாள். பள்ளிக்கூட ட்ரில் போல இருந்தது. முனியாண்டி மட்டும் அசையவே இல்லை. கேட்டதற்கு, "வேணாங்க மிஸ்ஸு, கடதாசி வார நேரம். அசைஞ்சு கிசைஞ்சு திரும்பிப் போச்சுன்னா?" என்றான்.

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைக் கடைக்கு அனுப்பிப் பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார். நான் வாங்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏறி வரும்போது தூரத்தில் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரோஜா தலையைச் சாய்த்துக்கொண்டு ஏதோ சொல்லியபடி வாசலைக் கடந்தாள். நான் லயத்துக் கோடியில் தலைகாட்டினேன். அவ்வளவுதான். வரிசை, உயரம், தொடையோடு கை.

மிஸ் கமெராவிலிருந்து கண்ணை எடுத்தார். என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "தம்பி" என்றார், புதையலைக் கண்டெடுத்தவரின் குரலில். "அவங்க கமெராவுக்கு நிக்கல. ஒங்களுக்குத்தான் நிக்கிறாங்க."

அன்று சாவி முழுவதும் தீர்ந்திருந்தது, பிலிமும் தீர்ந்திருந்தது. சரோஜா வாசலைக் கடந்த அந்த நடை கமெராவுக்குள் போகவில்லை. அடுத்த சுருள் கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் கடதாசி வந்துவிட்டது.

தலைமன்னார்க் கப்பலுக்குப் போகும் கோச்சி, அதாவது ரயில், புறப்படும் இடத்திலேயே ஏறினால்தான் பெட்டி படுக்கையோடு இடம் பிடிக்கலாம் என்று சரோஜா வீட்டார் கொஸ்லந்தையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் நேரே பதுளை ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பாக்கியத்துக்கும் அங்கேதான் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். நானும் மிஸ்ஸும் போனபோது மேடையில் நிற்க இடமில்லை. போகிறவர்களைவிட அனுப்ப வந்தவர்கள்தான் அதிகம். தகரப் பெட்டிகள், அம்மிக்கல், சுருட்டிய பாய், ஒரு கூண்டில் கிளி. போகிறவர்களும் அழுதார்கள், நிற்கிறவர்களும் அழுதார்கள். கேட்கவே முடியாத அழுகை அது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்னைக் கண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவரைக் கண்டு பக்கத்தில் இருந்தவரும் நின்றார்.

மிஸ் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. கொஞ்சம் அங்கிட்டுப் போயிருங்க. ஒங்க தல இந்தப் பக்கம் தெரியக் கூடாது."

நான் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகளும் தார் பூசிய கட்டைகளும் கிடந்தன. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு படம் எடுப்பதற்கு நான் செய்யக்கூடிய ஒரே உதவி அங்கே இல்லாமல் இருப்பது என்று ஆகியிருந்தது. மணி அடித்தது கேட்டது. ஒப்பாரி ஒரேயடியாக உயர்ந்தது. சக்கரம் உருண்டது. மூட்டைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. பார்க்கவில்லை. அவர்கள் போனதை நான் காதால்தான் அறிந்தேன்.

சுருள் திரும்பி வந்த அன்று பாக்கியத்தைக் கூப்பிட்டனுப்பினோம். அந்த வகைப் பிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது. கமெராவுக்குள் ஓடியதே கழுவி வந்து சுவரிலும் ஓடும், உலகத்தில் அது ஒன்றுதான். நான் பயந்துபயந்து மாட்டினேன். பாக்கியம் தன் கம்பளியையே கழற்றி ஜன்னலில் போட்டாள். வாப்பாவும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கூட்டம் அலைமோதுகிறது. அதற்குள்ளிருந்து சரோஜா வருகிறாள், தலையைச் சாய்த்துக்கொண்டு, வெடுக்கு வெடுக்கென்று. தாயின் கழுத்தைக் கட்டுகிறாள், விடுகிறாள். முனியாண்டி பெட்டியை ஏற்றுகிறான். அவள் கோச்சிப் படியில் ஒரு காலை வைக்கிறாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையை முதுகுக்குக் கீழே கொடுத்து, மெல்ல உடம்பைத் தூக்கி ஏறுகிறாள். திரும்பவில்லை. அவ்வளவுதான், சாவி தீர்ந்துவிட்டது.

முதலில் பேசியது வாப்பா. "மகன், அது நம்மட கோட்டுதானே?"

பார்த்தால் முனியாண்டி மேல் எங்கள் கோட்டு. கொஸ்லந்தையில் யாரிடமோ விட்டுவிட்டேன் என்று நான் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த அதே கோட்டு. இந்தியாவுக்கே போய்விட்டது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாக்கியம் சிரிக்கவில்லை. "இன்னொருக்க காட்டுங்க தம்பி" என்றாள். காட்டினேன். சரோஜா நடந்து வந்தாள், ஏறினாள். "இன்னொருக்க." இந்தத் தடவை பாக்கியம் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்விட்டாள். மகளின் படம் அவளுடைய முதுகிலும் விழுந்தது.

"முழுகாம இருக்கா" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

"புள்ள உண்டாயிருக்கா மிஸ்ஸு. இடுப்புக்குக் கை குடுத்து ஏறுறா பாருங்க. நாலு மாசமாச்சும் இருக்கும். எங்கிட்ட மூச்சு விடல. சொன்னா நா போக விட்டிருக்க மாட்டேன்னு, கள்ளி." அவள் குரலில் இருந்தது சந்தோஷமா கோபமா என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. "நா அவ மூஞ்சியயே பாத்து அழுதுக்கிட்டு இருந்தனே. வயித்த பாக்கலியே."

கடதாசியில் இல்லாத ஒரு உயிர் இருப்பதாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி எழுதச் சொல்லிவிடுவார்களோ, கப்பல் தவறிவிடுமோ என்று தோட்டங்களில் ஒரு பயம் இருந்தது. சரோஜா யாரிடமும் சொல்லாமல் ஏறியிருக்கிறாள். ஏன் என்று கேட்காமல் மிஸ் நின்றதை அன்றுதான் பார்த்தேன். வாப்பாதான், "கோட்டு போகட்டும். பிள்ளைக்குப் போத்த உதவும்" என்றார்.

கரை இறங்கிவிட்டோம் என்று பாக்கியத்துக்கு ஒரு கார்டு வந்தது. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. பிறந்தது ஆணா பெண்ணா, தலையைச் சாய்த்து நடக்கிறதா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அறிந்துகொள்ள இப்போதும் ஆசைதான்.

மிஸ் அந்தச் சுருளைப் பல தோட்டங்களில் காட்டினார். கோழி நடக்கும் துண்டையும் எறியவில்லை, அதை முதலில் வைத்து ஒட்டினார். சனங்கள் நிற்பதும், பிறகு நடப்பதும், பிறகு போய்விடுவதும். அதைவிட நல்ல படம் அவர் எடுத்ததில்லை என்பது என் கட்சி. அதன்பின் மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார். கரும்பு வெட்டும் பெண்களின் கைகளை எடுத்தார். ஊர் ஊராகச் சுற்றும்போது பிலிம் சூட்டில் கெட்டுவிடும் என்று சரோஜா சுருளை மட்டும் எங்கள் இருட்டறையில், குளிர்ந்த இடம் பார்த்து, ஒரு தகரப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். யாராவது அவரிடம், ஒங்க படத்தால என்ன மாறிச்சு என்று கேட்டால், "பீலிக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வியை அவரே கேட்பார்.

சம்பளச் சனிக்கிழமைகளில் பாக்கியம் சாமான் பையோடு கடைக்கு வருவாள். வேலை இல்லாத நேரமாக இருந்தால் சுவரில் ஓட்டிக் காட்டுவேன். சில நாள் கேட்கமாட்டாள், தகரப் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவாள்.

எண்பத்துமூன்று ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், பஜார் எரிந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் வரிசையில் பெரும்பாலும் தமிழர் கடைகள். பக்கத்துக் கடையில் வைத்த தீக்கு எங்கள் சுவர் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கத் தெரியாது. நாங்கள் உயிர் தப்பினோம். ஸ்டூடியோவில் எதுவும் மிஞ்சவில்லை. பிலிம் எவ்வளவு வேகமாக உருகும் என்று எனக்குத் தெரியும், அதனால் தேடக்கூட இல்லை. பாதை திறந்ததும் மிஸ் வந்தார். கறுத்த சுவர்களைப் பார்த்தார். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாக்கியத்துக்கு யாரு சொல்றது?" என்றுதான் கேட்டார். அழுதார். நானும் அழுதேன்.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு சம்பளச் சனிக்கிழமை அவளே வந்தாள். முன்னால் இருந்த சிமெந்துப் படி மட்டும்தான் அப்படியே நின்றது. நான் அதற்குப் பக்கத்தில் ஓட்டாஞ்சல்லிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"பெட்டி இருக்கா தம்பி?"

நான் தலையை ஆட்டினேன், இல்லையென்று.

அவள் கறுத்த சுவர்களுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள். படிக்கு முன்னால் வந்து ஒரு காலைத் தூக்கி வைத்தாள். எரிந்த கதவு நிலையை ஒரு கையால் பிடித்தாள். மறு கையை முதுகுக்குக் கீழே கொடுத்து, மெல்ல உடம்பைத் தூக்கி ஏறினாள். ஏறி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பிடித்தானே ஏறுனா?"

அந்தப் படத்தை அவளுக்கு அடுத்தபடி அதிகம் பார்த்தவன் நான்தான். விளக்குமாற்றைக் கீழே வைத்தேன். அவள் கேட்டது ஆறுதலை அல்ல, சரியா பிழையா என்பதை.

"தலைய இன்னும் கொஞ்சம் சாய்க்கணும்" என்றேன். "கை இன்னும் கீழே. அவ திரும்பிப் பாக்கல."

அவள் இறங்கினாள். மறுபடி ஏறினாள், தலையைச் சாய்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்.

"சரியா?"

"சரிங்க" என்றேன். அப்படியே இருங்க என்று சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

வாப்பா மறுபடி கடை போடவில்லை. மிஸ் மொனராகலைக்குத் திரும்பிப் போனவர் சில வருஷம் வந்துபோய் இருந்தார், பிறகு அவர் வருவது நின்றது, எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாமல் போயிற்று. பாக்கியத்தின் தோட்டத்தில் இப்போது அவளை அறிந்தவர்கள் யாரும் இல்லை. தலைமன்னாருக்குச் சனங்களை ஏற்றிப்போன அந்தக் கோச்சியும் இல்லை, கப்பலும் இல்லை.

பேத்திக்கு அந்தக் கடை இருந்த இடத்தைக் காட்ட ஒரு நாள் பஜாருக்குக் கூட்டிப்போனேன். இப்போது அங்கே கைத்தொலைபேசி விற்கிறார்கள். அவளுடையதையும் அங்கேதான் வாங்கினார்களாம். படி எங்கே என்று தேடினேன். கட்டும்போது ரோட்டு மட்டத்துக்கு வெட்டிச் சமப்படுத்தி ஓடு பதித்துவிட்டார்கள். உள்ளே போக யாரும் ஏற வேண்டியதில்லை.